சுடலைவடிவின் வயிறும் மேட்டுத்தெருத் தண்ணீரும்

வற்றாப்பேரியில் தண்ணீர் எப்போது வரும் என்பது, சுடலைவடிவுக்கு வயிறு வலிக்கத் தொடங்குவதற்கு முன்னால், கடவுளுக்கும் தெரியாது. கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்திருக்க வேண்டிய மாசிலாமணிக்கும் தெரியாது. மாசிலாமணி பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார். அதைக் குழிக்குள் விட்டு ஒரு பக்கம் சுற்றினால் ஊருக்குத் தண்ணீர், மறுபக்கம் சுற்றினால் ஊருக்குத் தாகம். "எப்பம்ணே திறப்பிய?" என்று யார் கேட்டாலும், "மேல இருந்து சொல்லணும்லா" என்பார். மேலே இருப்பவர்களைக் கேட்டால் கீழே மாசிலாமணியைக் கேட்கச் சொல்வார்கள். இப்படி மேலும் கீழுமாகக் கேட்டுக் கேட்டு, எட்டு நாளைக்கு ஒரு தடவையும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவையும் வந்த தண்ணீரைக் குடித்து, அந்த ஊரில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, வேறு ஊருக்குப் போயும் விட்டார்கள்.

சுடலைவடிவு மேட்டுத்தெருவில் நைட்டி தைக்கிறவள். வயது நாற்பத்து மூன்று. புருஷன் கொம்பையா வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றி இறக்குகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ரோஜாப்பூப் போட்ட நைட்டிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வலது விலாவுக்குக் கீழே யாரோ ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி வந்தது. மெஷினை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து, சுவர் போதாமல் தரையைப் பிடித்து, "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்துத் தெருக்குழாய் இரண்டு தடவை இருமி, ஒரு தடவை தும்மி, தண்ணீர் விட்டது. பதினோரு நாள் கழித்து வந்த தண்ணீர். வடிவு தரையில் கிடந்தாள், தெரு குழாயடியில் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் அவள் குணமாக வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டார்கள்.

ஆசைப்பட்டதோடு வைத்தியமும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வாயு என்று சொல்லி ஓமத்தைக் கொதிக்க வைத்தாள். எதிர்வீட்டுக்காரி கண்திருஷ்டி என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட, தெரு முழுக்கத் தும்மியது. முக்குவீட்டுப் பெரியவர் குடலேற்றம் என்று தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் ஒரு மணி நேரம் தேடினார். ஏறின குடல் அகப்படவில்லை. மருந்துக்கடைக்காரர், "எரிச்சலா, குத்தலா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பாதி ரோஸும் பாதி மஞ்சளுமாக நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். கொம்பையா தன் செல்போனைக் கேட்டார். அது முதலில் வாயு என்றது, விரலால் கொஞ்சம் தள்ளினால் ஆயுசு மூன்று மாதம்தான் என்றது. வாயுவுக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வாயுவோடு நிறுத்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துருவமா?" என்றாள் வடிவு.

"வயித்து வலிக்கெல்லாமா ஆஸ்பத்திரி? அங்க போனா இல்லாத சீக்கையெல்லாம் கண்டுபிடிச்சுருவாவ" என்றார் கொம்பையா.

ஒன்பது நாள் கழித்து இரண்டாவது வலி வந்தது. கால் மணி நேரத்தில் தண்ணீரும் வந்தது. பிறகு பதிமூன்று நாள் கழித்து மூன்றாவது வலி, மூன்றாவது தண்ணீர். நாலாவது தடவை வடிவு "அம்மா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், பேச்சித்தாய் ஓமத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு, வீட்டிலிருந்த இருபத்திரண்டு குடத்தையும் அண்டாவையும் சட்டியையும் கொண்டுபோய்க் குழாயடியில் வரிசை வைத்தாள். வெயிலில் ஒற்றைப் பொம்பளை காய்ந்த குழாய்க்கு முன்னால் குடத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரு சிரித்தது. கால் மணி நேரம் சிரித்தது. பிறகு குழாய் இருமியது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. பதினைந்து நாள் தண்ணீர் வராமல் இருந்து பார்த்தவர்களுக்கு, எதில் இருந்து வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். மேட்டுத்தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் ஒழிந்து, "வடிவுக்கு வந்துட்டா?" என்று கேட்கிற வழக்கம் வந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "மைனி, மத்தியானத்துக்கு மேல வருமா, இல்ல நாளைக்குத்தானா?" என்று கேட்டுப் போனார்கள். கீழத்தெருக்காரர்கள் வேவு பார்க்க ஒரு கிழவியை அனுப்பினார்கள். அவள் நைட்டி அளவு கொடுக்கிற சாக்கில் மூன்று நாள் வந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டுக்காரர்கள் ஜோசியரிடம் தேதி குறித்துக்கொண்டு, அப்படியே இங்கே வந்து, "அன்னிக்கு உனக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்கள்.

ஏழாவது வார்டு கவுன்சிலர் தங்கப்பழம் இதையெல்லாம் பார்த்தார். தெருக்கோடி வீடுகளுக்கு வடிவின் குரல் கேட்காததால் தண்ணீர் கிடைக்கவில்லை என்று புகார் வந்தபோது, அவர் ஒரே நாளில் நடவடிக்கை எடுத்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும், குழாயடிக் கம்பத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற புனல் ஸ்பீக்கரும் கட்டி, 'உபயம்: தங்கப்பழம்' என்று எழுதியும் வைத்தார். அதற்குப் பிறகு வடிவு "அம்மா" என்றால் அது ஊர் முழுக்க "அம்மா" என்று போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டுக் குடத்தை எடுத்தார்.

அந்தச் சத்தம் மாசிலாமணிக்கும் கேட்டது. அதுதான் கோளாறு. இருபத்தாறு வருஷமாக எப்போது திறப்பது என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்த மனுஷன் அவர். இப்போது ஸ்பீக்கரில், ஊரே கேட்கிற மாதிரி, மேலே இருந்து ஒரு குரல் வந்துவிட்டது. அவர் சாவியை மடியில் வைத்துக்கொண்டு குழிப் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் வந்தால் திறப்பது, வராவிட்டால் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். செயல் அலுவலரிடம் போய் இதைச் சொன்னபோது அவர் யோசித்துப் பார்த்தார். ஊரில் தண்ணீருக்கு இதுவரை நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. இப்போதுதான் ஒரு முறை வந்திருக்கிறது. முறையைக் கெடுக்க அவருக்கு மனசில்லை. 'ஒரு வலிக்கு ஒரு திறப்பு' என்று உத்தரவு போட்டு, பச்சை மையில் கையெழுத்தும் போட்டார்.

இப்படியாக, தண்ணீர் வரப்போவதைத் தெரிந்து வயிறு வலித்த காலம் போய், வயிறு வலிக்கட்டும் என்று தண்ணீர் காத்திருக்கிற காலம் வந்தது.

வயிறு இதற்கெல்லாம் கட்டுப்படவில்லை. இருபது நாள் வலி வரவில்லை. அந்த இருபது நாளும் வடிவு ராணி மாதிரி இருந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், சினிமாப் பாட்டை முனகிக்கொண்டே மூன்று கட்டுத் துணியைத் தைத்து முடித்தாள். தெரு வறண்டு போயிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் அவள் சிரிக்கிற முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள்.

"என்னமும் மாத்திரை போட்டியாட்டீ?" என்று பேச்சித்தாய் சந்தேகமாகக் கேட்டாள்.

"ஒண்ணும் போடல்லக்கா. தானா நல்லாருக்கு."

"நல்லாருக்கா" என்றாள் பேச்சித்தாய். துக்கம் விசாரிக்கிற குரல்.

இருபத்தோராம் நாள் தெரு அவளுக்கு விருந்து வைத்தது. யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பேச்சித்தாய் எண்ணெய் மிதக்கிற கத்திரிக்காய்க் குழம்பு கொண்டு வந்தாள், எதிர்வீட்டுக்காரி ஆட்டுக் கொழுப்பை வதக்கிக் கொண்டுவந்தாள், தங்கப்பழம் ஆள் விட்டுப் புரோட்டாவும் சால்னாவும் அனுப்பினார். "சாப்பிடு வடிவு, உடம்பு தேறணும்லா" என்று வாயோரம் ஊட்டினார்கள். எண்ணெய்ச் சோறு தின்ற ஒரு மணி நேரத்தில்தான் அந்தப் போர்வையைப் பிழிகிற வலி வருகிறது என்று வடிவுக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். பேச்சித்தாய் வீட்டில் பேறுகாலம் முடிந்து வந்த மகள் ஏழு நாள் பிள்ளைக்குத் துணி அலசத் தண்ணீரில்லாமல் நிற்பதை வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். வந்த புரோட்டா மூன்றையும் தின்றாள். தின்று முடித்து, கையைக்கூடக் கழுவாமல், மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு வந்த வலி ஐந்து மணி நேரம் விடவில்லை. ஊரில் தண்ணீரும் ஐந்து மணி நேரம் நிற்கவில்லை. பேரூராட்சி வரலாற்றில் இப்படி ஒரு விநியோகம் இருந்ததில்லை என்று தங்கப்பழம் போஸ்டர் ஒட்டினார்.

அதிலிருந்து வடிவின் உடம்பு இறங்க ஆரம்பித்தது. வலி வலது தோள்பட்டை வரைக்கும் ஏறியது. சாயங்காலமானால் குளிர் தூக்கிப் போடும், இரண்டு போர்வை போட்டாலும் பல் கிட்டும். சாப்பிட்டது வெளியே வந்தது. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. அவள் கொம்பையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

கொம்பையா தலையைச் சொறிந்தார். இந்த எட்டு மாதத்தில் அவருக்கு டீக்கடையில் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். "கேட்டுட்டுப் போவோம்" என்றார்.

கேட்டது தப்பாகிவிட்டது. வீட்டு வாசலில் கூட்டம் கூடி, ஒருத்தர் தவறாமல் எல்லோரும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்றார்கள். "உடம்புதாம்மா முக்கியம்" என்று சொல்லாத வாய் இல்லை.

"யார் வேண்டாம்னா? தாராளமாப் போகட்டும். வாற செவ்வாக்கிழமை அம்மன் கொடை, அது மட்டும் முடியட்டும்" என்றார் தங்கப்பழம்.

"கொடை முடிஞ்ச கையோட எம்பேத்திக்குப் பேர் வைக்கோம், வடிவு. அந்த ஒரு தண்ணி மட்டும்" என்றாள் பேச்சித்தாய்.

"அதுக்கு மறுநாளு எங்க வீட்டுல வெள்ளையடிக்கோம்" என்றார் முக்குவீட்டுப் பெரியவர்.

மறுநாள் செயல் அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. பொதுநலனை முன்னிட்டு, திருமதி சுடலைவடிவு அவர்கள் மாற்று ஏற்பாடு செய்யப்படும் வரை ஊர் எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார். மாற்று ஏற்பாடாக, வயிற்று வலி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அலுவலக வாசலில் அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். நாற்பது பேர் விண்ணப்பித்தார்கள். நாற்பது பேருக்கும் சோதனை வைத்துப் பார்த்ததில் ஒருத்தர் வலிக்கும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

கொடைக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு வடிவுக்குப் பதினேழாவது வலி வந்தது. இதுவரை வந்த பதினாறும் இதற்கு ஒத்திகை என்று தோன்றுகிற மாதிரி வந்தது. அவள் மெஷின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். ஸ்பீக்கர் "அம்மா" என்றது. உடனே தெருவில் கதவுகள் திறந்தன, குடங்கள் மோதின, நாற்பது வீட்டுக் கால்களும் தடதடவென்று ஓடின. அவள் தரையில் காதை வைத்துக் கிடந்ததால் ஒவ்வொரு காலும் தெளிவாகக் கேட்டது. எல்லாக் கால்களும் அவளை விட்டு விலகி ஓடின. அதில் கடைசிக் கால் கொம்பையாவுடையது; அவருக்கு இடது கால் செருப்பு இழுத்துக்கொண்டு சத்தம் போடும். இரண்டு கையிலும் குடம்.

வடிவு கையை நீட்டி மைக்கை இழுத்து வாயோரம் வைத்துக்கொண்டாள்.

"நான் வடிவு பேசுதேன்" என்றாள். குழாயடியில் சலசலப்பு நின்றது. "எனக்குக் கண்ணு இருட்டுது. யாராவது ஒரு ஆள் வந்து ஆட்டோவுல ஏத்தி விடுங்க."

குழாயடியில் நாற்பது பேரும் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு முன்னால் நிற்பவர் போவார் என்று பின்னால் நிற்பவரும், பின்னால் நிற்பவர் போவார் என்று முன்னால் நிற்பவரும் பார்த்தார்கள். வரிசையை விட்டுப் போனால் திரும்ப அதே இடம் கிடைக்காது என்பது மேட்டுத்தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். குழாய் இருமியது, தும்மியது, தண்ணீர் விட்டது.

கொம்பையாவின் முறை வந்தது. முதல் குடத்தைக் குழாயடியில் வைத்தார். தண்ணீர் அடியில் விழுந்து கணகணவென்று ஏறிக்கொண்டு வந்து, பாதிக் குடத்துக்கு வந்தபோது அவருக்கு என்ன ஆயிற்றோ, குடத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த குடத்தையும் போட்டுவிட்டு, ஒரு கால் செருப்பையும் போட்டுவிட்டு ஓடினார்.

"இந்த மனுசனுக்கு என்ன வந்துச்சு, பாதிக் குடத்துல" என்றாள் பேச்சித்தாய், தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டே.

ஊருக்கு வெளியே தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஷமீமா வடிவைப் படுக்கவைத்து, கண்ணைப் பார்த்து, விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். வடிவு பாதி மூச்சில் துடித்துப்போனாள்.

"எத்தனை நாளா வலி?"

"பதினேழு தண்ணி ஆச்சு டாக்டர்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு, எட்டு மாதம் என்று மொழிபெயர்த்தார்.

"எட்டு மாசமா என்ன செஞ்சீங்க?"

"செல்லுல வாயுன்னு போட்டிருந்துச்சும்மா."

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கொம்பையா செல்போனைச் சட்டைப்பையில் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். "வயித்து வலி ரெண்டு மூணு மணி நேரம் விடலைன்னா வரணும். விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வந்தாலும் வரணும். குளிர் காய்ச்சல் சேர்ந்தா, வாந்தி நிக்கலைன்னா, கண்ணு மஞ்சளானா, வயிறு கல்லாட்டம் ஆனா, அன்னிக்கே வரணும். இதுல உங்களுக்கு எது இல்ல, சொல்லுங்க."

வடிவு நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "வயிறு கல்லாட்டம் ஆகல்ல டாக்டர்."

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, மொச்சைப் பயறு மாதிரி ஒரு கொத்து. பை வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. இன்றைக்கே எடுக்க வேண்டும், நாளைக்கு என்றால் உள்ளே உடைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். ஏற்றின கொஞ்ச நேரத்தில், பிழிந்துகொண்டிருந்த கை போர்வையை மெதுவாக விட்டுவிட்ட மாதிரி, வலி போயே போயிற்று.

அப்போதுதான் நர்ஸ் வந்து, தொட்டியில் தண்ணீர் இல்லை என்று சொன்னார். நாலு நாளாக ஆஸ்பத்திரிக்குத் திறந்துவிடவில்லை. கை கழுவக்கூட இல்லாமல் எப்படிக் கத்தியைத் தொடுவது. லாரித் தண்ணீருக்குச் சொன்னால் நாளைக் காலை என்கிறார்கள். டாக்டர் போனை எடுத்து மாசிலாமணியைப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு உடனே தண்ணி திறங்க. ஒரு உயிர் விஷயம்."

"திறக்க மாட்டேன்னு சொல்வேனா டாக்டரம்மா" என்றார் மாசிலாமணி பணிவாக. "காலம்பற வந்த வலிக்கு மேட்டுத்தெருவுக்குத் திறந்து மூடிட்டேன். ஆஸ்பத்திரிக் குழி வேற. ஒரு வலிக்கு ஒரு திறப்புன்னு ஆர்டர் இருக்கு. அடுத்த வலி வந்த உடனே உங்களுக்குத்தான்."

"யாருக்கு வலி?"

"அங்கதான் கூட்டிட்டு வந்தாவளாமே, நம்ம வடிவு."

"அவங்களுக்கு வலி வராம ஊசி போட்டாச்சு."

"அப்படிச் செஞ்சிருக்கப்படாது" என்றார் மாசிலாமணி கவலையோடு.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. என்ன கத்தியும் மாசிலாமணி அசையவில்லை. அவர் பயந்த மனுஷன், உத்தரவுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்ற மாட்டார். நர்ஸ் மருந்தை நிறுத்திப் பார்ப்போமா என்று மெல்லிய குரலில் கேட்டார். கொம்பையா வெளியே போய்ப் புரோட்டாக் கடை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தன்னையே நொந்துகொண்டு உள்ளே வந்தார். வடிவு இவர்கள் எல்லோரையும் படுத்தபடியே மாறி மாறிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு உடம்பில் ஒரு இடத்திலும் வலியில்லை. வலியில்லாதபோது மூளை எவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போனை இங்க தாங்க டாக்டர்" என்றாள்.

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா" என்றாள். நல்ல குரல். பதினேழு வலியிலும் பழகின குரல்.

"மாசிலாமணி அண்ணே, வலிக்கு" என்றாள். "ரொம்ப வலிக்கு. திறங்க."

"இந்தா தாயி" என்றது போன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் குழாய் இருமாமல், தும்மாமல், நேரடியாகவே தண்ணீர் விட்டது. தொட்டி நிறைந்து வழிந்தது. டாக்டர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வடிவு மயக்க மருந்தில் கண்ணை மூடினாள். தன் வலிக்கு வந்த தண்ணீரில் அவள் ஒரு குடம்கூடப் பிடித்தது கிடையாது. வலிக்காத வலிக்கு வந்த இந்தத் தண்ணீர் முழுக்க அவளுக்கு.

மறுநாள் காலை வார்டு வாசலில் மேட்டுத்தெரு நின்றது. பார்க்க வந்தோம் என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு குடமும் இருந்தது. செயல் அலுவலர் கோப்போடு வந்திருந்தார். மாசிலாமணி சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு, நர்ஸ் உள்ளே விடாததால், வாசலில் இருந்தே கேட்டார்.

"தாயி, இனிமே நான் எப்பம் திறக்க?"

"கடியாரத்தைப் பாத்துத் திறங்கண்ணே. காலம்பற ஆறு மணிக்கு."

வாசலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செயல் அலுவலர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு முன்னால் இப்படிச் செய்ததில்லையே என்றார்.

அந்த நேரம் டாக்டர் ஷமீமா உள்ளே வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, வயிற்றில் லேசாகக் கை வைத்தார்.

"வலிக்குதா?"

எட்டு மாதமாக ஊரே அவளிடம் இதைத்தான் கேட்டது. கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்ற பதிலுக்காகக் குடத்தோடு நின்றவர்கள். இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்ட முதல் ஆள் இவர்தான். வாசலில் நாற்பது கழுத்துகள் நீண்டன. பேச்சித்தாய் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். கொஞ்சங்கூட வலிக்கல்ல" என்றாள் வடிவு, வாசலுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி.

நாற்பது குடங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது. அது அடங்கினதும் வடிவு டாக்டரைக் கண்ணால் பக்கத்தில் கூப்பிட்டாள். அவர் குனிந்தார். தையல் போட்ட இடத்தில் மூச்சு இழுக்கும்போது சுருக்கென்று குத்துகிறது என்று, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.